நீக்கத்திற்கான காரணம்

முப்பத்தொன்பது. சுவரில் சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்பது என்று ஒளிர்கிறது, எங்கள் டோக்கன் நாற்பத்தேழு, நடுவில் ஏழு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் நான்கு மணிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள், கூப்பிட்டால் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. எனக்கு இருக்கிறது, என் புருஷனுக்கு இருக்கிறது, மாமனாருக்கு இருக்கிறது, மாமியாருக்கு இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு மட்டும் இல்லை. அது அம்மாவுக்குத் தெரியாது. கையில் செல்போன், அதில் எங்கள் பம்ப் கம்பெனியின் இன்சூரன்ஸ் பக்கம், வருஷத்துக்குப் பத்தே நாள் திறந்துவைப்பார்கள், பெயர் சேர்ப்பதானாலும் எடுப்பதானாலும் அதற்குள் செய்துகொள்ள வேண்டும், இன்று பத்தாவது நாள், ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். ஒன்பது நாளாக இந்தப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும், எல்லாரும் நன்றாகத்தானே இருந்தோம், அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். "இன்னும் எவ்வளவு குடிக்கோணும் அம்மணி, வயிறு முட்டிக்கிட்டு நிக்குது" என்கிறாள் அம்மா. இன்னும் அரை பாட்டில் என்கிறேன். ஸ்கேன் எடுக்கிற பெண் ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லிவிட்டாள், பாத்ரூம் பக்கம் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள், ஆனால் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் ஃபைல் போட்டுவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவாளாம். குடிக்கச் சொன்னவளுக்கு எங்கள் டோக்கன் நம்பர் தெரியாது, டோக்கன் கொடுத்தவனுக்கு அம்மா தண்ணீர் குடித்தது தெரியாது, நடுவில் ஒரு பொம்பளையின் அடிவயிறு மட்டும் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

காலையில் டாக்டரம்மா கேட்டாள், எத்தனை நாளாக ரத்தம் படுகிறது என்று. "ஒரு வாரமாத்தானுங்க" என்றாள் அம்மா. மாதவிலக்கு நின்று பத்து வருஷமானவளுக்கு ஒரு சொட்டுப் பட்டாலே மறுநாள் வந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள், நான்தான் நோயாளி மாதிரி. இங்கே போகச் சொல்லி ஊர் டாக்டர் நேற்று எடுத்துக் கொடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் இது இவ்வளவு வளராதே என்றாள். ஆறு மாசம் முன்னால் வந்திருந்தால் சின்னதாகச் சுரண்டி எடுத்துவிட்டு அனுப்பியிருப்பேன், இப்போது கர்ப்பப்பையையே எடுத்தாக வேண்டும், எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை அட்மிட் ஆகிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடாதீர்கள் என்பதை இரண்டு தடவை சொன்னாள். அந்த அறையை விட்டு வெளியே வந்ததிலிருந்து அம்மாவைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். லிஃப்டில் திட்டினேன், கேன்டீனில் இட்லி வாங்கி வைத்துவிட்டுத் திட்டினேன். "ஏம்மா, ஒரு போன் பண்ண முடியாதா உனக்கு, அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா?" அம்மா இட்லியைப் பிட்டுக்கொண்டே, "நீ வேலைல இருப்பே, எதுக்குத் தொந்தரவுன்னு உட்டுட்டேன்" என்றாள். வேலை. டிராயிங் செக்சனில் உட்கார்ந்து பம்ப்பின் உள்ளே தண்ணீர் எப்படிச் சுழலும் என்று கோடு போடுகிற வேலை. அதற்காக இவள் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். ஒரு வாரமில்லை, எனக்குத் தெரியும், ஒரு மாசமாவது இருக்கும், பொங்கலுக்குப் போனபோதே முகம் வெளுத்துக் கிடந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன், தை மாசத்தில் என்ன வெயில். நாற்பது. ஒரு கிழவர் கோலை ஊன்றிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போகிறார், அவர் மகன் ஃபைலோடு பின்னால் போகிறான். அவன் என்ன கம்பெனியோ, அவனிடம் யாரும் உன் அப்பாவா மாமனாரா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அம்மாவின் மடியில் கறுப்புப் பர்ஸ் இருக்கிறது. அதற்குள் கார்டு இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கம்பெனி கொடுத்த கார்டு, பாவாத்தாள், உறவு தாய் என்று அச்சடித்து, என் போட்டோவும் அவள் போட்டோவும் போட்டது. டவுன்ஹால் பக்கம் போய் லேமினேட் பண்ணிக்கொண்டு வந்து, ரேசன் கடையில்கூட ஆதார் கேட்டால் இதைத்தான் முதலில் நீட்டுவாள். "என்ற புள்ள கம்பெனில குடுத்ததுங்க." அந்தக் கார்டு செத்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இப்போது எடுத்துவிடுவாளோ, அடுத்த நிமிஷம் எடுத்துவிடுவாளோ என்று காலையிலிருந்து அந்தப் பர்ஸ் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏனோ இதுவரை திறக்கவில்லை. எல்லாம் அந்தச் சட்டம் வந்ததிலிருந்துதான். அதற்கு முன்னால் ஒரே விதி, ஆணோ பெண்ணோ அவரவர் அப்பா அம்மாவைச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான், யாருக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. பிறகு சட்டத்தில் குடும்பம் என்பதற்கு அர்த்தத்தை விரித்தார்கள், இனிமேல் கல்யாணமான பெண் ஊழியர் விரும்பினால் மாமனார் மாமியாரையும் தன் குடும்பமாகக் காட்டலாம். இரண்டு ஜோடியும் கிடையாது, ஒரு ஜோடிதான், அதையும் ஒரு தடவைதான் மாற்றலாம். மகளிர் தினத்தன்று கேன்டீனில் கேக் வெட்டினார்கள், ஆளுக்கொரு ரோஜா, ஹெச்.ஆர். மோகன்ராம் மைக்கைப் பிடித்து, இது பெண்களுக்குக் கிடைத்த பெரிய உரிமை என்றார், நாங்கள் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். ரோஜாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் எப்படித் தட்டுவது என்று தெரியாமல் வாயில் கவ்விக்கொண்டு தட்டினேன். ஆம்பளை ஊழியர்கள் நூற்றுச் சொச்சம் பேர் அங்கே நின்றார்கள், ஒருத்தராவது முன்னால் வந்து, ஏன் சார், நாங்களும் எங்கள் மாமியாரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாரா? அந்த உரிமை வேண்டுமென்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. விரும்பினால் என்று எழுதியிருக்கிறார்கள். கல்யாணமான பெண்ணிடம், நீ விரும்பினால் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று சட்டம் எழுதினவருக்குத் தெரியாதா, அவர் வீட்டில் மருமகள் கிடையாதா?

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் எரிச்சலே. கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாப்பிடும்போது நானே உளறினேன், இந்த மாதிரி ஒரு சட்டம் வந்திருக்கிறது, ஆபீசில் கேக் வெட்டினார்கள் என்று. புருஷன் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், அவருக்கென்று கம்பெனியும் இல்லை கார்டும் இல்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே, "பரவால்லியே, சட்டமே வந்துருச்சா" என்றார், அவ்வளவுதான் சொன்னார். மாமியார் கமலவேணி அப்பளத்தை என் தட்டில் வைத்துக்கொண்டே, "எங்களுக்கு எதுக்கு சாமி, உங்கம்மா பேரே இருக்கட்டும். தனியாக் கெடக்கற மனுஷி, பாவம்" என்றார். மனசாரத்தான் சொன்னார், நடிப்பு இல்லை, அதை நான் சத்தியம் செய்வேன். ஆனால் ஒருத்தர் வேண்டாம் என்று அவ்வளவு அழகாகச் சொன்ன பிறகு, சரி அத்தை என்று எடுத்துக்கொள்ள முடியுமா? விருந்தாளி போதும் போதும் என்று இலையில் கையை வைத்து மறைத்தால்தான் இன்னும் ஒரு கரண்டி விழும், எங்கள் ஊரில் வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். அவர் வேண்டாம் என்ற அந்த நொடியிலேயே என் அம்மா பெயர் போய்விட்டது. அதுவும் முட்டி தேய்ந்து, மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறவரை எதிரில் வைத்துக்கொண்டு. அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும், "அவியளையே போடு அம்மணி, எனக்கென்ன வந்துரப் போகுது" என்றுதான் சொல்லியிருப்பாள், அதனால்தான் கேட்கவில்லை, சொல்லப்போனால் அவள் அப்படிச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாமியாருக்குப் போன வருஷம் வலது முட்டி மாற்றியாயிற்று. நன்றாக நடக்கிறார், கோயிலுக்குத் தனியாகப் போய்வருகிறார், எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று யார் சொன்னது. இடது முட்டிக்குச் சித்திரையில் தேதி வாங்கியிருக்கிறது. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று எப்போது போனது?

பக்கத்தைத் திறந்து, பயனாளர் பெயர், ஓ.டி.பி., உள்ளே போய், குடும்ப உறுப்பினர். புதிதாகச் சேர்க்க என்பதை அழுத்தினால், முதலில் இருப்பவரை நீக்கவும் என்கிறது. சரி, நீக்குகிறேன், கமலவேணி, வயது அறுபத்தாறு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதை அழுத்தினால் ஒரு கட்டம் விழுகிறது, நீக்கத்திற்கான காரணம். அதற்குக் கீழே இரண்டே இரண்டு வரி. மரணம். விவாகரத்து. மூன்றாவது வரி இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், கட்டம் ரப்பர் மாதிரி மேலே போய் அதே இடத்துக்கு வருகிறது. ஒன்று, தினமும் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டித் தருகிற மாமியார் சாக வேண்டும், இல்லை, ஒரு பாவமும் அறியாத மனுஷனை நான் அறுத்துவிட வேண்டும், அப்போதுதான் பெற்றவளுக்கு ஆபரேஷன். விவாகரத்தைத் தொட்டால் கோர்ட் உத்தரவை இணைக்கவும் என்கிறது. மரணத்தைத் தொட்டால் இறப்புச் சான்றிதழ். இப்போது சான்றிதழ் கேட்கிறாயே. அன்றைக்குக் கேட்டாயா? அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். இதே கட்டம்தான், இதே இரண்டு வரிதான், கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர், கல்யாணமான பெண்கள் பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றோம், மாமியாரைச் சேர்க்க வேண்டுமென்றால் அம்மாவை நீக்க வேண்டும், நீக்கக் காரணம் வேண்டும். முதலில் நின்றவள் தயங்கினாள். மோகன்ராம், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம், ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்" என்றார். விவாகரத்து என்று போட்டால் புருஷன் பெயரும் போய்விடும். ஆகவே எல்லாரும் மற்றதைப் போட்டார்கள். ஒருத்தி, "எங்கம்மாவை நானே கொன்னுட்டேன்டி" என்று சிரித்தாள், இன்னொருத்தி, செத்ததாகப் பொய்ச் செய்தி வந்தால் ஆயுசு கூடும், அம்மாவுக்கு நல்லதுதான் என்றாள், வரிசை முழுக்கச் சிரித்தது. என் முறை வந்தது. பாவாத்தாள், உறவு தாய், நீக்கத்திற்கான காரணம், மரணம். சமர்ப்பி. சமர்ப்பித்தேன். நானும் சிரித்துக்கொண்டேதான் அழுத்தினேன், அதை மட்டும் இந்த இரண்டு வருஷத்தில் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

நாற்பத்தைந்து. எழுந்து தூணுக்குப் பின்னால் போய் மோகன்ராமுக்குப் போன் அடிக்கிறேன், அங்கிருந்தும் அம்மாவைப் பார்க்க முடிகிறது, காலைக் காலோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "சொல்லுங்க கோகிலவாணி மேடம்." சொன்னேன். அரைக் குரலில், முழுவதும் சொன்னேன். "மேடம், ஒரு தடவைதான் மாத்தலாம்னு சட்டத்துலயே இருக்குதுங்களே. அதுவுமில்லாம அம்மா இறந்துட்டதாப் போட்டிருக்கீங்க. இறந்தவங்களைத் திரும்பச் சேர்க்கறதுக்கு சிஸ்டம்ல வழியே கிடையாதுங்க." நீங்கள்தானே சார் போடச் சொன்னீர்கள் என்றேன். "நான் ஏதாவது ஒண்ணுன்னு சொன்னேன் மேடம், இதைப் போடுங்கன்னு சொல்லலை." நியாயம். அவர் சொல்லவில்லைதான். எங்கள் பதினாலு பேரில் பிலோமினா மட்டும், பெற்றவள் உயிரோடு இருக்கும்போது இதை அழுத்த மாட்டேன் என்று வரிசைக்கே வராமல் போனாள், போனபோது எங்களுக்கு அவளைப் பார்த்தால் திமிராகத் தெரிந்தது. இன்னொருத்தி மாமியார் இல்லாதவள். "ஒண்ணு பண்ணுங்க, தாசில்தார் ஆபீஸ்ல அம்மா உயிரோட இருக்காங்கன்னு ஒரு சான்று வாங்கி, ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன், ரெண்டு மூணு மாசம் ஆகும்." திங்கட்கிழமை சார், டாக்டர் திங்கட்கிழமை என்கிறாள். "எனக்குப் புரியுது மேடம்" என்று வைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறாள் என்பதற்குச் சான்று. இதோ உட்கார்ந்திருக்கிறாள், ஒன்றரை லிட்டர் தண்ணீரை அடக்கிக்கொண்டு, ரத்தத்தை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற குழந்தைக்குப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? கோபமாக வருகிறது. சட்டத்தின் மேல், அந்தக் கட்டத்தின் மேல், மோகன்ராமின் மேல், வேண்டாம் சாமி என்ற மாமியாரின் மேல், ரசம் பிசைந்த புருஷனின் மேல், எல்லாரையும் சுற்றிவிட்டுக் கடைசியில் கோபம் என் ஆள்காட்டி விரலில் வந்து நிற்கிறது. அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும். கவுன்ட்டரில் அவள் அந்தக் கார்டை நீட்டி, யாரோ ஒருத்தி சொல்லி இவள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். பட்டறையை அடகு வைப்போம், என்னமோ செய்வோம், அது வேறு, முதலில் இதைச் சொல்ல வேண்டும். நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அம்மா, என்றேன். "என்ன அம்மணி?" தண்ணீர் போதும், மூடி வை, என்றேன்.

நாற்பத்தேழு. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், குறுகிக் குறுகி நடந்து வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட சின்னப் பெண். பேஷன்ட் பெயர் கேட்டாள், சொன்னேன். போன் நம்பர் கேட்டாள், அம்மாவே சொன்னாள். தட்டிவிட்டு, "உங்களுக்கு ஏற்கெனவே ஃபைல் இருக்குதுங்களே" என்றாள். இருக்காது, இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறோம் என்றேன். "இல்லீங்க, பாவாத்தாள், ஆகஸ்ட் பன்னெண்டாம் தேதி வந்திருக்காங்க. உதிரப்போக்குன்னு போட்டிருக்குது. கம்பெனி கார்டு குடுத்திருக்காங்க, செல்லலைன்னு திருப்பிக் குடுத்திருக்கோம்." திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மெம்பர் இறந்துட்டாருன்னு வந்துச்சுங்க. அம்மாகிட்டயே சொல்லி, பொண்ணைக் கூட்டிட்டு வந்து சரி பண்ணிக்குங்கன்னு அனுப்பியிருக்குது." நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியிலிருந்த ஓட்டை வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள், "மிஷினு தப்பாப் போட்டிருக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேனுங்க. என்ற புள்ள எதுக்குங்க அப்படிப் போடப் போறா?" ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஆறு மாசம் முன்னால் வந்திருந்தால் என்றாள் டாக்டரம்மா. வந்திருக்கிறாள். இரண்டு பஸ் மாறித் தனியாக வந்து, இதே கண்ணாடிக்கு முன்னால் நின்று, லேமினேட் பண்ணின கார்டை நீட்டி, நீ செத்துவிட்டாய் என்று கேட்டுக்கொண்டு, மறுபடி இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம்கூட எனக்குப் போன் பண்ணியிருப்பாள், சாப்பிட்டியா என்று கேட்டிருப்பாள். காலையிலிருந்து நான் திட்டத் திட்ட இதை மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு அந்தக் கார்டை வெளியே எடுக்கவே இல்லை. "மிஷின் இல்லம்மா. நாந்தாம்மா போட்டேன். நானேதான் போட்டேன்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து, கவுன்ட்டருக்குக் கீழே இழுத்து, யாருக்கும் தெரியாமல் அழுத்தினாள். "மெதுவாப் பேசு அம்மணி" என்றாள், "அந்தப் புள்ள காதுல உழுந்தறப் போகுது."